ரொசெட்டா 2: இலவசம்தான், ஆனால் காலாவதி தேதி உண்டு

ஆப்பிளின் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர் பற்றி எழுதாத ஆளே இல்லை. பேட்டரி நிற்கிறது, ஃபேன் கிடையாது, மடியில் வைத்தால் சுடுவதில்லை, எல்லாம் சரி. ஆனால் அந்த லேப்டாப்பை 2020 நவம்பரில் வாங்கியவர்கள் மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாததற்குக் காரணம் சிப் மட்டும் இல்லை. உள்ளே சத்தமில்லாமல் வேலை பார்த்த ரொசெட்டா 2 என்கிற மொழிமாற்று மென்பொருளுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு. அதற்குத் தனியாக யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதுவதற்கும் என்ன இருக்கிறது, அதற்கென்று ஒரு திரை கிடையாது, மெனு கிடையாது, விலையும் கிடையாது. இப்போது ஆப்பிளே அதற்கு நாள் குறித்துவிட்டது, அதனால் இப்போதாவது எழுதிவிடலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இன்டெல் பிராசசருக்கு என்று எழுதிய புரோகிராம் ஏஆர்எம் பிராசசரில் ஓடாது, இரண்டும் புரிந்துகொள்ளும் கட்டளைகளே வேறு. 2020 ஜூன் 22 அன்று டிம் குக் வந்து, இனி மேக்கில் இன்டெல் இல்லை, நாங்களே செய்த சிப், இரண்டு வருடத்தில் மொத்தமாக மாறிவிடுவோம் என்று அறிவித்தார். நவம்பர் 10 அன்று ஏஆர்எம் வகையான எம்1 சிப்போடு மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ, மேக் மினி மூன்றும் வந்தன. இந்தியாவில் ஏர் 92,900 ரூபாய், மினி 64,900. அன்றைய தேதியில் மக்கள் கையில் வைத்திருந்த மேக் மென்பொருள் எல்லாமே இன்டெலுக்கு எழுதியது. அதையெல்லாம் புது சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் ரொசெட்டா 2-இன் வேலை.

பயன்படுத்துவது எப்படி இருக்கிறது என்றால், பயன்படுத்துகிறோம் என்பதே தெரியாது. புது மேக்கில் அது முன்கூட்டியே இருக்காது. ஏதாவது ஒரு பழைய இன்டெல் ஆப்பை முதல் தடவை சொடுக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும், இதைத் திறக்க ரொசெட்டா வேண்டும், நிறுவட்டுமா என்று. சரி என்று அழுத்தி, பாஸ்வேர்ட் போட்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், ரீஸ்டார்ட் கூடக் கேட்காது. அதன் பிறகு அந்த ஆப்பின் ஐகான் கீழே டாக்கில் வழக்கத்தைவிட நாலைந்து முறை அதிகமாகக் குதிக்கும், பெரிய ஆப் என்றால் தொங்கிவிட்டதோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. அப்புறம் திறக்கும். மறுமுறை திறந்தால் சாதாரணமாகத் திறக்கும். அவ்வளவுதான், அதோடு ரொசெட்டாவை நீங்கள் மறந்துவிடலாம். எந்த ஆப் மொழிமாற்றத்தில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து வகை என்ற பத்தியைப் பார்க்க வேண்டும், அங்கே ஆப்பிள் என்றோ இன்டெல் என்றோ போட்டிருக்கும். நான் பார்த்தபோது, தினமும் புழங்குகிற ஆப்களில் பாதிக்கு நேராக இன்டெல் என்று இருந்தது. எந்தப் பாதி என்று வேகத்தை வைத்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

அந்த முதல் தடவைக் குதிப்பில்தான் விஷயமே இருக்கிறது. ரொசெட்டா 2 புரோகிராமை ஓட ஓட மொழிபெயர்ப்பதில்லை. திறப்பதற்கு முன்பே மொத்தத்தையும் ஒருமுறை மாற்றி வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஓடும்போதே புதுக் கட்டளைகளை உருவாக்குகிற புரோகிராம்களுக்கு, அதாவது பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகிற மாதிரி வேலைகளுக்கு, மட்டும்தான் அந்தந்த நேரத்து மொழிபெயர்ப்பு. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காரியம் ஒன்று சிப்புக்குள் இருக்கிறது. பல கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள், உள்ள பிராசசரில் ஒரு கோர் நினைவகத்தில் எழுதுவது அடுத்த கோருக்கு எந்த வரிசையில் தெரிகிறது என்பதில் இன்டெல் கறாராக இருக்கும், ஏஆர்எம் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும். இன்டெலுக்காக எழுதியவர்கள் அந்தக் கறார் வரிசையை நம்பியே எழுதியிருப்பார்கள், பலருக்கு நம்பியிருக்கிறோம் என்பதே தெரியாது. இதை மென்பொருளை வைத்துக் கட்டுப்படுத்தப் போனால் நினைவகத்தில் எழுதுகிற ஒவ்வொரு முறையும் தடுப்புக் கட்டளை போட வேண்டும், வேகம் படுத்துவிடும். ஆப்பிள் என்ன செய்தது என்றால் எம்1 சிப்பிலேயே இன்டெல் வரிசைக்கு மாறுகிற ஒரு வசதியை வைத்துவிட்டது. மொழிமாற்றிய புரோகிராம் ஓடும்போது அந்த வசதி இயங்கும், மற்றதற்கு அணைந்திருக்கும். சிப் செய்கிறவரும் மொழிமாற்றி எழுதுகிறவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால்தான் இந்த மாதிரி நடக்கும்.

விளைவு என்ன என்றால், எம்1-இல் மொழிமாற்றத்தில் ஓடிய புரோகிராம் அதே வேலைக்கு நேரடியாக எழுதிய புரோகிராமின் வேகத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொடுத்தது. ஒரு கோர் சோதனைகளில் அதுவே அன்றைய இன்டெல் மேக்குகளின் சொந்த வேகத்தைத் தாண்டியது. 2020 நவம்பர் மூன்றாவது வாரத்தில் இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் பொய் என்றார்கள். பிறகு சோதனை மென்பொருளே ஆப்பிளுக்குச் சாய்வு என்றார்கள். அதன் பிறகு, அதற்கு ஒரு வருடம் முன்பு பெரிய விலை கொடுத்து 16 அங்குல மேக்புக் ப்ரோ வாங்கியவர்கள் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டார்கள்.

இந்த அமைதியின் அருமை தெரிய வேண்டும் என்றால் 2005-க்குப் போக வேண்டும், ஏனென்றால் இதே கம்பெனி இதே காரியத்தை எதிர்த் திசையில் செய்தது.

2005 ஜூன் 6, சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்கோன் சென்டர். அதுவரை மேக்கில் இருந்த பவர்பிசி சிப்பை விட்டுவிட்டு இன்டெலுக்குப் போகிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவிக்கிறார். சில நாள் முன்பே செய்தி கசிந்தும் மேக் ஆட்களில் பெரும்பாலோர் நம்பவில்லை, நம்பாததற்கு நியாயமும் இருந்தது. ஏழு வருடம் முன்பு, 1998-இல், இதே ஆப்பிள் ஒரு நத்தையின் முதுகில் பென்டியம் 2 சிப்பை ஏற்றி டிவியில் விளம்பரம் போட்டிருந்தது. இன்டெல் என்றால் மட்டம், பவர்பிசி என்றால் உசத்தி என்று கம்பெனியே சொல்லிக்கொடுத்து, அதை நம்பி ஆபீசில் விண்டோஸ்காரர்களோடு சண்டை போட்ட கூட்டம் அது. அவர்களைக் கூப்பிட்டு, இதுவரை மேடையில் நீங்கள் பார்த்தது எல்லாம் 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-இல்தான் ஓடியது என்றார் ஜாப்ஸ். ஐந்து வருடமாக மேக் ஓஎஸ் எக்ஸ் இரகசியமாக இன்டெலுக்கும் சேர்த்தே தயாராகிக்கொண்டிருந்தது என்பதையும் அன்றுதான் சொன்னார். இன்டெல் தலைவர் பால் ஓட்டலினி மேடைக்கே வந்துவிட்டார்.

காரணம் நியாயமானதுதான். 2003-இல் ஜி5 என்ற பவர்பிசி சிப் வந்தபோது ஒரு வருடத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் தருகிறேன் என்று ஜாப்ஸ் வாக்குக் கொடுத்தார், இரண்டு வருடம் ஆகியும் 2.7-ஐத் தாண்டவில்லை. ஜி5-இன் சூட்டை லேப்டாப்புக்குள் அடைக்கவே முடியவில்லை, பவர்புக் லேப்டாப் முந்தைய ஜி4 சிப்பிலேயே நின்றுவிட்டது. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை என்று கணக்குக் காட்டினார், கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கோபம் வேறு இடத்தில். போன மாதம் பவர்புக் வாங்கினேனே, என் கதி என்ன என்பது ஒரு கூட்டம். புது மெஷின் வர இன்னும் ஒரு வருடம் வரை ஆகலாம், அதுவரை யார் பழையதை வாங்குவார்கள், கம்பெனியே கவிழ்ந்துவிடும் என்று கணக்குப் போட்டது இன்னொரு கூட்டம். இன்டெல் வந்தால் விண்டோஸ் வைரஸும் வந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள் (வைரஸ் ஒட்டுவது இயங்குதளத்தில், சிப்பில் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது பலருக்கு). இனி மேக் ஓஎஸ்ஸைச் சாதாரண பிசியில் போட்டுவிடுவார்கள் என்று சொன்னவர்கள் மட்டும் சொன்னபடியே ஜெயித்தார்கள், சில மாதத்திலேயே அது நடந்தது.

அப்போதும் ஒரு ரொசெட்டா இருந்தது, முதல் ரொசெட்டா. மான்செஸ்டரில் இருந்த ட்ரான்சிட்டிவ் என்ற கம்பெனியின் தொழில்நுட்பம் அது. பின்னால் அந்தக் கம்பெனியை வாங்கியது யார் என்றால் ஐபிஎம், எந்த பவர்பிசியை ஆப்பிள் உதறியதோ அதைச் செய்துகொடுத்த அதே ஐபிஎம். முதல் ரொசெட்டா புரோகிராம்களை ஓட வைத்தது, ஓட வைத்தது என்பதற்கு மேல் சொல்ல முடியாது. பழைய ஓஎஸ் 9 ஆப்களை ஓட்டிய கிளாசிக் வசதி அதில் இல்லை. போட்டோஷாப் அதில் நகர்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு வடிவமைப்பாளர்கள் ஜி5-ஐ விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்கள். இன்டெல் மேக் 2006 ஜனவரியில் வந்துவிட்டது, அடோபியின் இன்டெல் போட்டோஷாப் வந்தது 2007 வசந்தத்தில், மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் 2008-இல். அந்த ஆபீஸும் வரும்போது எக்செல் மேக்ரோக்களை (வேலையைத் தானாகச் செய்கிற சின்ன நிரல்களை) கழற்றிவிட்டு வந்தது, கணக்குப் பிரிவுகளில் யாரை யார் திட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஆபீஸ் ஒரே மாதத்தில், டிசம்பரிலேயே, எம்1-க்கு வந்தது. போட்டோஷாப் 2021 மார்ச்சில். காத்திருந்த அந்த நாலு மாதமும் ரொசெட்டா 2-இல் போட்டோஷாப் வலிக்காமல் ஓடியது. 2005-க்கும் 2020-க்கும் இடையில் மக்கள் பொறுமைசாலிகளாக மாறிவிடவில்லை, இந்த முறை அவர்கள் பொறுமையைச் சோதிக்கிற அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

முழுக்க எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பக்கம் முதல் ஆறு மாதம் கொஞ்சம் ரணகளம்தான். அவர்கள் தினமும் புழங்குகிற கருவிகளில் ஹோம்ப்ரூ எம்1-ஐ முறையாக ஆதரித்தது 2021 பிப்ரவரியில், டாக்கர் ஏப்ரலில். அதுவரை கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலுக்கே இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றை ரொசெட்டாவில் திற என்று குறியிட்டு, எந்த ஜன்னல் எந்த ஜன்னல் என்று குழம்பியவர்கள் ஏராளம். மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த சோதனை மினிக்கு 500 டாலர் வாங்கினார்கள், ஐபேடின் ஏ12இசட் சிப் போட்டது. திருப்பிக் கொடுத்தால் 200 டாலர் சலுகை என்று முதலில் சொல்லி, எழுந்த கூச்சலில் 500 ஆக்கினார்கள். ஏர் வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு வெளித் திரைதான் இணைக்கலாம் என்பது தெரிய வந்தபோது எழுந்த கூச்சலும் நியாயமானது, முந்தைய இன்டெல் ஏர் இரண்டு திரை தாங்கியது. 8 ஜிபி போதுமா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கருத்து, நேரடி ஆப்கள் மட்டும் என்றால் சமாளிக்கலாம், ரொசெட்டாவில் பெரிய ஆப் இரண்டைத் திறந்தால் 8 ஜிபியில் மூச்சு முட்டும், மொழிமாற்றத்துக்குக் கூடுதல் நினைவகம் செலவாகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் மேக்ஓஎஸ்ஸோடு கூடவே வருபவை, அதனால் சிப் மாறியதில் அங்கே ஒரு சலனமும் இல்லை.

இனி ரொசெட்டா 2 செய்யாதவை. இதை ஆப்பிள் மறைக்கவில்லை, ஆனால் கடையில் யாரும் சொல்லவும் மாட்டார்கள். இயங்குதளத்தின் கருவுக்குள் நுழைகிற நீட்டிப்புகளை அது மாற்றாது. ஆகவே பழைய ஆடியோ கருவி, பழைய ஸ்கேனர், சில பாதுகாப்பு மென்பொருள் இவற்றின் டிரைவர்கள் அப்படியே செத்துப்போயின. என் மேசையில் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி இருந்தது, நல்ல பெட்டி, மைக்கை நுழைத்தால் தெளிவாக எடுக்கும். தயாரித்தவர்களுக்கு எழுதினால் டிரைவர் விரைவில் என்று பதில் வரும், அந்த விரைவில் வரவே இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, மேக்கின் ஒலிப் பட்டியலில் பெயர் வருவதில்லை. கடைசியில் விண்டோஸ் வைத்திருக்கிற தம்பி ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். இதை ரொசெட்டாவின் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லாம் ஓடும் என்று கேள்விப்பட்டு வாங்கியவர்களுக்கு இது போதிய அதிர்ச்சி.

இன்னொன்று, இதுதான் நம் ஊரில் பலருக்கு முக்கியம், விண்டோஸ். 2006-இல் இன்டெல் மாற்றத்தைத் திட்டியவர்களையும் வாயை மூட வைத்தது பூட் கேம்ப். அந்த வருடம் ஏப்ரலில் வந்தது, ஒரே மெஷினில் மேக்கும் விண்டோஸும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருளுக்காக மேக் வாங்கத் தயங்கியவர்கள் தயக்கத்தை விட்டதே அதனால்தான். எம்1-இல் பூட் கேம்ப் கிடையாது. ரொசெட்டா 2 இன்டெல் விண்டோஸை அப்படியே மெய்நிகர் மெஷினில் ஓட்டவும் உதவாது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டுகிற பேரலல்ஸ் மென்பொருளைப் போட்டு ஏஆர்எம் விண்டோஸ் 11 நிறுவலாம், அதற்குள் இன்டெல் புரோகிராம்களை மைக்ரோசாஃப்டின் சொந்த மொழிமாற்றி ஓட்டும். சாதாரண புரோகிராம்கள் ஓடிவிடும். வரி தாக்கலுக்குக் கையெழுத்துப் போடுகிற யுஎஸ்பி டோக்கன் மாதிரிப் பொருள்களுக்கு டிரைவர் ஏஆர்எம்மில் இருந்தால் உண்டு, இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும், டிரைவரை எந்த மொழிமாற்றியும் காப்பாற்றாது. ஆடிட்டர் வேலைக்கு மேக் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஏவிஎக்ஸ் என்ற இன்டெல் கட்டளைத் தொகுப்பும் நாலு வருடம் இல்லாமல் இருந்தது. அது வேண்டும் என்று அடம்பிடித்த ஆப்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. 2024-இல் செக்கோயா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடுதான் அது சேர்ந்தது.

விண்டோஸ் பக்கத்தைப் பார்த்தால் ரொசெட்டாவின் மதிப்பு இன்னும் கூடும். 2012-இல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி என்று ஏஆர்எம் மெஷின் ஒன்றை விட்டது, பார்க்க விண்டோஸ், ஆனால் மக்களிடம் இருந்த ஒரு விண்டோஸ் புரோகிராமும் அதில் ஓடாது. மொழிமாற்றி என்ற ஒன்றே இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள், வாங்காதவர்கள் சிரித்தார்கள், மறு வருடம் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. மொழிமாற்றி 2017-இல் வந்தது, அதுவும் பழைய 32 பிட் புரோகிராம்களுக்கு மட்டும். 64 பிட்டுக்கு விண்டோஸ் 11 வரை, அதாவது 2021 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு புது லேப்டாப்கள் வந்து, கூடவே பிரிசம் என்ற நல்ல மொழிமாற்றியும் வந்தபோது, வாங்கியவர்களின் புகார் அதே பழைய இடத்தில் வந்து நின்றது: பிரிண்டர் டிரைவர், ஆபீஸ் விபிஎன், ஏமாற்றுத் தடுப்பு கேட்கிற கேம்கள். ஆப்பிளுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, பழையதைத் தூக்கி எறிய அதற்குக் கூச்சம் கிடையாது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலேயே 32 பிட் ஆப்களை ஒரேயடியாக வெட்டிவிட்டது, அன்று திட்டு வாங்கியது, அடுத்த வருடம் ரொசெட்டா 2 சுமக்க வேண்டிய மூட்டை பாதியானது.

அந்தக் கூச்சமின்மைதான் என் பிரச்சினையும். 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது: டஹோ என்கிற மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி. ரொசெட்டா 2 முழுதாக இருப்பது மேக்ஓஎஸ் 27 வரை. அதன் பிறகு, யாரும் பராமரிக்காத பழைய கேம்களுக்காக ஒரு துண்டு மட்டும் இருக்கும். சொந்த வீடு மாதிரி ஆணி அடித்துப் படம் மாட்டிக் குடியிருந்தோம், இப்போது வீட்டுக்காரர் தேதி சொல்கிறார்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, முதல் ரொசெட்டாவுக்கும் இதேதான் நடந்தது. 2006-இல் வந்தது, 2009-இல் ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் ஓஎஸ் பதிப்பில் கேட்டால் மட்டும் நிறுவும் பொருளானது, 2011 ஜூலையில் அடுத்த பதிப்பான லயனில் காணாமலே போனது. ஐந்தரை வருடம். குவிக்கன் 2007 என்ற மென்பொருளில் வீட்டுக் கணக்கு வைத்திருந்த அமெரிக்கர்கள் லயனுக்கே போகாமல் ஸ்னோ லெப்பர்டில் உட்கார்ந்துவிட்டார்கள், அதைச் செய்த கம்பெனி 2012-இல் அதே பழைய பதிப்பை லயனில் ஓடுகிற மாதிரி ஒட்டுப் போட்டு மறுபடி விற்க வேண்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால் 2006 ஜனவரியில் முதல் ஆளாக இன்டெல் மேக் வாங்கியவர்களுக்கும் லயனில் இடமில்லை. அவர்களின் கோர் டியூயோ 32 பிட் சிப், லயன் கேட்டது 64 பிட். மாற்றத்தை எதிர்த்தவனுக்கும் ஓடிப்போய் வாங்கியவனுக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது.

மெஷின்களின் கதையும் அப்படியே திரும்பி வருகிறது. 2005 அக்டோபரில், இன்டெல் அறிவிப்புக்கு அப்புறம், 3,299 டாலருக்கு நான்கு கோர் பவர் மேக் ஜி5 விற்றார்கள், உள்ளே திரவக் குளிரூட்டல் எல்லாம் வைத்து. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் அதில் ஏறவில்லை. இந்த முறை 5,999 டாலரில் தொடங்கிய 2019 மேக் ப்ரோ, 2023 ஜூன் வரை கடையில் இருந்தது. அதை வாங்கியவர்கள் 1.5 டிபி வரை ரேம் போட்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகி வேலை பார்த்தார்கள். அதற்குப் பதிலாக வந்த எம்2 அல்ட்ரா மேக் ப்ரோவில் ரேம் 192 ஜிபியோடு சரி, கிராஃபிக்ஸ் கார்டு செருக முடியாது. இரண்டு வருடத்தில் முடிப்போம் என்ற மாற்றம் மூன்றாவது வருடத்தில் இப்படி முடிந்தது. மேக்புக் ஏர் ஆட்கள் கொண்டாடிய அதே மாற்றத்தில் இவர்களுக்குக் கிடைத்தது இதுதான். யாருக்கு எம்1 பிடித்தது என்று கேட்டால் அவர் என்ன விலையில் மேக் வாங்குகிறவர் என்று முதலில் கேட்க வேண்டும்.

யார் மேல் நிஜமாக இடி விழப்போகிறது என்றால் இசை, ஒலித் துறை ஆட்கள் மேல். நேரடி ஆப் வந்துவிட்டது என்பதால் பெரிய மென்பொருள்கள் பிழைத்துக்கொள்ளும். அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துகிற சின்னச் சின்னத் துணை நிரல்களான ப்ளக்-இன்கள் பிழைக்காது. என்னிடம் ஒரு எக்கோ ப்ளக்-இன் இருக்கிறது, செய்தவர் தொழிலை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது, இன்டெல் வடிவம் மட்டும்தான். பழைய டேப் மெஷினில் குரல் கொஞ்சம் தேய்ந்து, வால் மாதிரி இழுத்துக்கொண்டு வருமே, அந்த ஓசையை வேறு எதுவும் எனக்குத் தரவில்லை. நான் வேலை செய்யும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் அது ஏற வேண்டும் என்றால் மொத்த மென்பொருளையும் இன்டெல் வடிவில் திறக்க வேண்டும். ஐகானில் தகவல் பெட்டியைத் திறந்தால் ரொசெட்டா கொண்டு திற என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு டிக். ஒரு டிக்குக்காக இருபது டிராக்கும் மொழிமாற்றத்தில் ஓடுகின்றன, மெஷின் முனகவில்லை. ரொசெட்டா 2 எவ்வளவு நல்ல பொருள் என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம். அதனால்தான் கடுப்பும் அதிகமாக இருக்கிறது. ஓடாமல் இருந்திருந்தால் 2020-இலேயே மாற்று தேடியிருப்பேன், ப்ளக்-இன் செய்கிற எத்தனையோ பேரை ரொசெட்டாவின் நேர்த்தியே சோம்பேறியாக்கியது, ஓடுகிறதே, ஏன் புதிதாக எழுத வேண்டும் என்று.

மதிப்பெண் கேட்டால், மென்பொருளாக 10-க்கு 9.5, அந்த அரை மதிப்பெண் ஏவிஎக்ஸுக்குக் குறைத்தது. வாக்குறுதியாக 10-க்கு 5. ஏழெட்டு வருடம் போதும் என்று ஆப்பிள் நினைக்கிறது, இரண்டு வருடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறது, சரி. ஆனால் சிப்புக்குள் இருக்கும் அந்த வரிசை வசதிக்கோ மொழிமாற்றிக்கோ பயன்படுத்துகிறவன் பக்கத்திலிருந்து எந்த இடைஞ்சலும் இல்லை, கேட்கிறவர்களுக்கு மட்டும் நிறுவிக்கொடுக்கிற பொருளாகவே வைத்திருக்கலாம். கேம்களுக்காக ஒரு துண்டைத் தொடர்ந்து வைத்திருக்க முடிகிறவர்களால் ப்ளக்-இன்களுக்கும் வைத்திருக்க முடியும்.

இப்போது செய்ய வேண்டியது. ஆப்பிள் மெனுவில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, இடப்பக்கம் மென்பொருள் பகுதியில் அப்ளிகேஷன்ஸ் என்பதைச் சொடுக்கினால் ஒவ்வொரு ஆப்பும் எந்த வகை என்று பட்டியல் வரும். இன்டெல் என்று மட்டும் இருப்பவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளக்-இன்கள் இந்தப் பட்டியலில் வராது, அவற்றை நீங்களேதான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு இருப்பதை மாற்றிவிடுங்கள். மாற்றே இல்லாத ஒன்றிரண்டுக்கு, ஆப்பிள் சிலிக்கான் (அதாவது எம் வரிசை சிப்) மேக்கின் உள் வட்டிலேயே இன்னொரு வால்யூம் உருவாக்கி அதில் மேக்ஓஎஸ் 27-ஐ வைத்துக்கொள்ளலாம், 28 வந்த பிறகும் தேவைப்படும்போது அதில் பூட் செய்து வேலையை முடிக்கலாம். இது இப்போது கையில் இருக்கிற மெஷினுக்குத்தான் பொருந்தும். 28-உடனேயே அறிமுகமாகும் புது மாடல் மேக்கில் 27-க்கு இறங்க முடியாது, அதனால் எக்ஸ்சேஞ்சில் பழைய எம்1-ஐக் கொடுத்துவிடுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.